பாட்டிலில் போன நூம்பல் தண்ணீர்

இந்த ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கறிக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு விஞ்ஞானம் கேட்கப் போகிறார். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எதிர்வீட்டு மிஸ்டர் ஹாரிஸ் நாள் முழுக்க ஆடு வெட்டுகிறவர். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு நகர மண்டபத்துக்கு நடப்பார். ஒரு வாரம் வால் நட்சத்திரம், ஒரு வாரம் நிலக்கரி, ஒரு வாரம் தேனீ. பேசுகிறவர் சர்வகலாசாலைப் பேராசிரியர். கேட்கிறவர்கள் நெசவாலைப் பெண்கள், டிராம் ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். யாரும் யாரையும் விரட்டுவதில்லை. ஆலைக்காரி எழுந்து நின்று சந்தேகம் கேட்கிறாள், பேராசிரியர் குனிந்து பதில் சொல்கிறார். சாயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வட இங்கிலாந்துக்கு வந்த நான், ஆராய்ச்சி செய்கிறவன் வாய் திறந்து பேசலாம் என்பதை இங்கேதான் பார்த்தேன். சென்னையில் நான் படித்த கலாசாலையில் பேராசிரியர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே அபூர்வம்.

ஒரு சனிக்கிழமை ஹாரிஸ் என் கதவைத் தட்டினார். இன்றைக்கு இந்தியாவைப் பற்றிப் பேச்சு, நீ வராமல் இருக்கலாமா என்றார். போனேன். மேடையில் நரைத்த மீசைக்காரர் ஒருவர், பல வருஷம் சென்னையில் ஆராய்ச்சி செய்தவர். மாஜிக் லாந்தர் விளக்கை வைத்துத் திரையில் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். தென்னைமரம், மாட்டுவண்டி, கோபுரம். அப்புறம் ஒரு கால். கணுக்காலில் புண், புண்ணிலிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு வெளியே வந்து குச்சியில் சுற்றியிருந்தது. சபை மூச்சை இழுத்துக்கொண்டது. எனக்கு அந்தப் புழுவைத் தெரியும். எங்கள் பக்கம் நரம்புச் சிலந்தி என்போம்.

அடுத்த படத்தில் படிக்கட்டு வைத்த ஒரு குளம். பூவிருந்தவல்லிப் பாதைக்குப் பக்கத்துக் கிராமம் என்றார். பெயரைச் சொல்லவில்லை. கரையில் நிற்கும் ஒற்றைப் பனையும் உடைந்த மூன்றாம் படியும் எனக்குச் சொல்லிவிட்டன. நூம்பல். எங்கள் குளம்.

பேராசிரியர் வெகு அழகாக விளக்கினார். பொறுக்க முடியாத எரிச்சலைத் தணிக்க நோயாளி காலைத் தண்ணீரில் வைக்கிறான், அந்த நொடியில் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது, தண்ணீரில் இருக்கும் கடுகிலும் சிறிய பூச்சி அவற்றைத் தின்கிறது, பூச்சியை மனிதன் தண்ணீரோடு குடிக்கிறான், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம். "தடுப்பது சுலபம்" என்று சிரித்தார். "குடிதண்ணீரை மடித்த துணியில் வடிகட்டினால் போதும். புண்ணுள்ளவன் குளத்தில் இறங்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்." முன்வரிசைப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் புழு எட்டிப் பார்க்காத ஊரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது.

என் அக்கா கன்னியம்மாவுக்கு அது வந்தபோது அவளுக்கு ஆவடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். கொப்புளம் எரிய எரிய அவள் மூன்றாம் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டிருப்பாள். பக்கத்துப் படியில் மற்றப் பெண்கள் குடத்தை அமுக்கிக் குடிதண்ணீர் எடுப்பார்கள். அம்மன் குத்தம் என்றார்கள். மாங்காட்டுக் காமாட்சிக்கு வேண்டிக்கொண்டு அவள் அந்தக் காலோடு கோயிலைச் சுற்றி உருண்டாள். புழு பாதியில் அறுந்து உள்ளே போய், கால் சீழ் பிடித்து, முழங்கால் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டது. ஆவடிக்காரர்கள் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். அதே கோடையில்தான் கோட்டுப் போட்டவர்கள் சிலர் மோட்டாரில் வந்து எங்கள் குளத்துத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக மொண்டு போனார்கள். அக்கா காலைப் படம் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. திரையில் பார்த்த கால் அவளுடையதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எல்லாக் காலும் அப்போது அப்படித்தான் இருந்தது.

பேச்சு முடிந்ததும் நான் எழுந்தேன். "இதை அங்கே சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"ஓ, நிச்சயமாக" என்றார் பேராசிரியர். "சர்க்காருக்கு விவரமான அறிக்கை கொடுத்தோம்."

"அந்த ஜனங்களுக்கு?"

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அதற்கு அவர்கள் பாஷை தெரிந்திருக்க வேண்டுமே" என்றார். சபை லேசாகச் சிரித்தது. நான் உட்காராமல் நின்றேன். ஹாரிஸ் என் தோளில் தட்டி, "சொந்த ஊரைத் திரையில் பார்த்தால் யாருக்குமே நெஞ்சு அடைக்கும், தம்பி. பெருமையாக இருக்கிறது, இல்லையா?" என்றார். அவர் நல்லவர்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மறு வருஷம் ஊருக்குப் போனேன். கப்பலை விட்டு இறங்கிய கையோடு என் பழைய கலாசாலைக்குப் போய், ஒரே ஒரு நாளைக்கு ஒரு மைக்ராஸ்கோப் கேட்டேன். அங்கே இருந்தவர் வெள்ளைக்காரர் அல்ல. நம்மவர், எனக்குப் பாடம் சொன்னவர். "மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குளத்தங்கரையில் வைப்பாயா? இது என்ன தெருக்கூத்தா?" என்று கேட்டார். கூத்துக்காரனாவது ஊருக்குள் வந்து விடிய விடியச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று பதில் சொன்னேன். மைக்ராஸ்கோப் கிடைக்கவில்லை.

பூவிருந்தவல்லியில் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரிடம் போனேன். மேல்வகுப்புப் பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டி வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

"சிலபஸ்ல கீதா இது?" என்றார் அவர். "இன்ஸ்பெக்டர் கேட்டா நான் இன்னா சொல்றது? வேணும்னா இங்கியே வந்து இங்கிலீஷ்ல ஒரு லெக்சர் குடுங்க. சீமைல படிச்சவரு, கௌரவமா இருக்கும்."

"இங்கிலீஷில் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியுமா?"

"புரியறது வேற சார், மரியாதை வேற."

வெள்ளைக்காரன், நம் பாஷை தெரியாது என்று வாயை மூடிக்கொண்டான். பாஷை தெரிந்த நமக்கு என்ன வந்தது?

கடைசியில் சோடாக் கடையில் ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கிக்கொண்டு, பெண்கள் தண்ணீர் எடுக்க வரும் காலை நேரத்தில் குளத்துக்குப் போனேன். அக்கா நொண்டிக்கொண்டே கூட வந்தாள். தண்ணீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தேன். வெள்ளைப் புள்ளிகள் துள்ளித் துள்ளி ஓடின. மைக்ராஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை.

"இம்மாத்துண்டு பூச்சியா?" என்றாள் அக்கா.

"இதை முழுங்கினாத்தான் வருது. துணியில வடிகட்டினா நின்னுடும்."

"இன்னாத் துணி?"

"எந்தத் துணியும். நல்லா மடிச்சுக் கட்டினா சரி."

கட்டிக்காட்டினேன். வடிந்த தண்ணீரை மறுபடி வெயிலில் பிடித்தேன். ஒன்றுமே துள்ளவில்லை. பெண்கள் டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டில்ல மொண்டுகினு போனாங்களே, அவங்களுக்கு இது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் கேட்டேன்டா. இன்னாத்துக்கு சாமி தண்ணி எடுத்துகினு போறீங்கன்னு கேட்டேன். கோட்டுப் போட்டுகினு ஒருத்தன், நம்மூரு ஆளுதான், உனக்கெல்லாம் புரியாதும்மான்னான்." அவள் குரல் உயரவேயில்லை. "இதுல புரியாததுக்கு இன்னா கீது?"



மறுநாளிலிருந்து அவள் மடங்கிய காலோடு குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். துணி கட்டாத குடத்தைத் தண்ணீரில் அமுக்க விடமாட்டாள். கொப்புளத்தோடு வந்தவனை, "எறங்காத. அங்கியே நில்லு, மொண்டு ஊத்தறேன்" என்று தடுத்தாள். சண்டை வந்தது. இவளுக்குக் குளத்தை யார் பட்டா போட்டுக் கொடுத்தது என்றார்கள். அவள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டி, "இதான் பட்டா" என்றாள். குடங்களின் வாயில் துணி ஏறிற்று. அப்பா தேறினார், நான் கப்பல் ஏறினேன். பிறகு வந்த கோடையும் அடுத்த கோடையும் போனபின், எங்கள் தெருவில் இப்போது எவர் காலிலும் குச்சி இல்லை என்று அக்கா ஆள்வைத்து எழுதச் சொல்லியிருந்தாள்.

சென்னையில் ஆராய்ச்சி செய்கிற ஐயாமாரே, உங்களைத்தான் கேட்கிறேன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ரயில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் விடுமுறைதான். சந்தைக்கூட்டத்தில் ஒரு மேஜை போடுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை உங்கள் லாபரட்டரிக்குள் விடுங்கள், உடைத்தால் ஒரு கண்ணாடி உடையும். வாத்தியார்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். 'மாலிக்யூல்' என்பதற்குத் தமிழ் வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், பூச்சிக்கும் துணிக்கும் வார்த்தை இருக்கிறது. ஒரு குளத்திலிருந்து தண்ணீர் எடுத்தால், அதில் என்ன கண்டீர்கள் என்று அந்தக் குளத்துக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி அல்ல, திருட்டு.

போன மாதம் இங்கே இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் ஊரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன். தண்ணீரைப் பற்றி ஆரம்பித்தேன். கன்னம் சிவந்த பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து கேட்டார்கள். குடத்தின் வாயில் துணியை எப்படிக் கட்டுவது, புண் வந்தவள் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் நான் இவ்வளவு சரளமாகப் பேசியதில்லை. ஓரத்தில் நின்ற ஆசிரியையின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எப்போதிலிருந்தோ நான் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனாலும் நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள், பேச்சு முடிந்ததென்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.