கண்டென்சரின் மேல் ஒரு கை

அரசாங்கம் கொடுத்த ரேடியோ லைசென்ஸில் ஷரஃபுதீன், ‘ஒலிபரப்பைக் கேட்பவர்’ என்று குறிக்கப்பட்டிருந்தார். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் குடை பழுது பார்த்துவந்த அவர் தம் ரேடியோவை என்னென்னவோ செய்தார். கேட்டதாக மட்டும் யாரும் சொல்ல முடியாது.

பழைய சாமான் கடையில் பொறுக்கியவற்றைக் கொண்டு அவரே கட்டிய ஒற்றை வால்வுப் பெட்டி அது. அதில் இரண்டு திருகுகள். ஒன்று கண்டென்சர்: திருப்பினால் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் இடையில் நுழையும், ஸ்டேஷன் அகப்படும். மற்றது ரெசிஸ்டன்ஸ்: வால்வின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், கூடவே சத்தத்தையும். பாட்டு வந்துவிட்டால் ஷரஃபுதீனுக்குப் பொறுக்காது. இன்னும் தெளிவாக வரவழைக்கிறேன் என்று திருகுவார். பாட்டு போய்விடும். அந்த வீட்டில் எந்தப் பாட்டுக்கும் முடிவு இருந்ததில்லை.

ஒரு நாள் மாலை சென்னைக் கார்ப்பரேஷன் நடத்திவந்த ரேடியோ ஒலிபரப்பில் அவர் மனைவி ஜமீலுன்னிசாவின் தம்பி அப்துல் கரீம் ஹார்மோனியம் வாசிக்க இருந்தான். மறுபடி கூப்பிடுவார்களா என்பது சந்தேகம். வீட்டில் ஹெட்போன் ஒன்றுதான். அதை அவள் முக்காட்டுக்குள் மாட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷன் சிக்கியது. ஷரஃபுதீன் பெருமிதத்தோடு கையை எடுத்தார்.

“ஐயோ, தம்பி போயிட்டான்!”

கையை வைத்தார். தம்பி வந்தான். எடுத்தார். போனான்.

“அட! என் கையும் கண்டென்சரோட சேர்ந்துக்கினு வேலை செய்யுது, ஜமீலா! ஒரு மூங்கில் குடைக்காம்பை இதுல சொருகி, தள்ளி உக்காந்து திருப்பினா… இதோ, ஒரு நிமிசம்.”

“காம்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். கையை எடுத்தீங்க, அந்தக் கைக்கு இன்னிக்கு சோறு கெடையாது.”

“கரகரன்னு கேக்குதா? இந்த ரெசிஸ்டன்ஸை மட்டும் கொஞ்சம்…”

“அந்தக் கையும் சும்மா இருக்கட்டும். கண்டென்சர்னா கண்டென்சர் மாதிரி பேசாம குந்துங்க!”

கால்வாய்ப் பக்கத்துக் கொசு ஒன்று அவர் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. ரெசிஸ்டன்ஸ் திருகோ கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கொசுவைப் பொறுத்துக்கொள்வது அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. எதிரே ஜமீலுன்னிசா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஷரஃபுதீனின் காதில் ஒரு சுரமும் விழவில்லை. மைத்துனன் வாசித்து முடிக்கும்வரை அவர் கண்டென்சரின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.