முள் போட்ட கிணறு

சாமிகளா, பள்ளிக்கூடத்தில் என்னைவிட நாலு எழுத்து கூடுதலாகப் படிக்கிற நீங்கள் இதை நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் வயதில் நானும் பேய், காற்று, கருப்பு எதையும் நம்பினவன் இல்லை. சுடுகாட்டுப் பாதையில் கழித்துப் போட்ட எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி மோரில் பிழிந்து குடித்திருக்கிறேன். ஆனாலும் இது நடந்தது. என் இடது தோளில் இருக்கிற தழும்பு மாடு முட்டியது என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேனே, அது மாடு முட்டியது இல்லை.

இந்த யுத்தம் வருவதற்கு வெகு முன்னால், உங்கள் அம்மாவை நான் கட்டின புதிது. மழையில்லாமல் பரமத்திப் பக்கத்து மேட்டுக்காடுகளில் கிணறெல்லாம் வற்றிப்போய், பாறைக்கு வேட்டு வைத்து ஆழம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மேஸ்திரியிடம் அந்த வேலைக்குப் போனேன். பாறையில் குழி அடித்து, வேட்டு மருந்தைக் கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு எல்லாரும் மேலே ஓடிவந்து படுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேட்டுக்கும் ஆளுக்கு ஒரு விரலை மடக்கவேண்டும். எத்தனை குழியோ அத்தனை விரலும் எல்லார் கையிலும் மடங்கியிருந்தால்தான் இறங்கலாம். ஒன்று குறைந்தால் மேஸ்திரி ஒரு கருவேல முள்ளை வெட்டிப் படிக்குக் குறுக்கே போட்டுவிடுவார். வெடிக்காத குழியில் திரி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டு கிடக்கும், எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது, அதனால் மறுநாள் விடிகிறவரை அந்த முள்ளை யாரும் தொடக்கூடாது.

ஒருநாள் ஒரு கிணற்றில் நான் படியேறி முடிப்பதற்குள் முதல் வேட்டு வெடித்துவிட்டது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்ததுதான் காதுக்குள் இந்த இரைச்சல். தகரத்தில் ஆணியை வைத்து யாரோ விடாமல் கீறுகிற மாதிரி. ராத்திரி படுத்தால் இன்னும் ஓங்கும். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை ஊற்றிப் பார்த்தேன், செவ்வாய்ப்பேட்டை வரைக்கும் போய் மருந்து வாங்கிப் போட்டேன், விபூதி மந்திரித்துப் பூசினேன், ஒன்றுக்கும் அடங்கவில்லை. விடியும் முன்னே யாராவது மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தால் உருளை கிறீச்சிடுகிற இடத்தில் போய்ப் படுத்துக்கொள்வேன், அந்தச் சத்தத்தில் இது கொஞ்சம் அமுங்கும். வேலையிடத்தில் என்னைச் செவிட்டு மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மேஸ்திரி என்னை வேட்டு எண்ணவே விடவில்லை. உன் காதுக்குள்ளதான் நாளெல்லாம் வேட்டு ஓடுதே, அதைப் போய் எண்ணு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். எனக்கு எல்லார்மேலும் வெறுப்பு. பக்கத்தில் ஒருவன் சிரித்தாலும் என்னைத்தான் சிரிக்கிறான் என்று சண்டைக்குப் போனேன், உங்கள் அம்மாவிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

இதில் ஒரு அதிசயம். அந்தக் கிணற்றை விட்டுத் தள்ளிப் போகப்போக இரைச்சல் ஏறும், கிட்ட வரவர இறங்கும். முதலில் பிரமை என்று நினைத்தேன். பிறகு வேண்டுமென்றே நடந்து நடந்து பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்கிணற்றில் நின்றால் சுத்தமாக நின்றுவிடும். அது சுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். யாரோ பின்னாலிருந்து இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். இருந்தாலும் மனம் அதற்குத்தான் ஏங்கியது.

அன்றைக்கு ஆறு குழி வைத்து ஐந்துதான் வெடித்தது. மேஸ்திரி முள்ளைப் போட்டார், எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நல்ல உச்சி வெயில். நானும் கொஞ்ச தூரம் போனேன். இரைச்சல் ஏறியது பாருங்கள், அப்படி ஒருநாளும் ஏறினதில்லை, பல் வேரெல்லாம் கூசி, வேலியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கால் தானாகத் திரும்பியது. முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது, கையில் குத்தியது, எரியவில்லை. கீழே இறங்கி உடைந்த பாறைமேல் உட்கார்ந்தேன். இரைச்சல் நின்றது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

அப்புறம் என் பக்கத்தில், தோளுக்கு ஒட்டினாற்போல, உங்கள் அம்மாவின் குரல் கேட்டது.

"உக்காருங்க. இன்னும் ஒண்ணு கெடக்குதுங்க. அதும் போவட்டும்."

அந்தக் குரலில் கோபமில்லை, அவசரமில்லை. சோறு போடும்போது பேசுகிற மாதிரிதான். நான் சரி என்றேன். திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. எழுந்திருக்க நினைத்தபோதெல்லாம் "உக்காருங்க" என்றது, நானும் சரி சரி என்று உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் தோளில் ஒரு கல் வந்து விழுந்தது. ரத்தம் கொட்டியது. அண்ணாந்து பார்த்தால் கிணற்று மேட்டில் உங்கள் அம்மா நிற்கிறாள். எனக்குக் கொண்டுவந்த கஞ்சிச் சட்டி கீழே உடைந்து கிடக்கிறது, வாய் திறந்து திறந்து மூடுகிறது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் இன்னொரு கல்லை எடுத்தாள். கல்லால் அடிக்கிறாளே என்று வந்த ஆத்திரத்தில், அவளை இரண்டு அறை விடவேண்டும் என்றுதான் நான் படியேறினேன், உயிர் பிழைக்க இல்லை. ஏற ஏற இரைச்சல் திரும்ப வந்தது, அதற்கு மேலே அவள் கத்துவதும் கேட்டது. மேட்டில் கால் வைத்ததும் என் வேட்டியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினாள். ஆறாவது வேட்டு வெடித்தது. நான் உட்கார்ந்திருந்த பாறை தூளாகிக் கிணற்றுக்கு மேலே வந்து விழுந்தது.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள்.

"ஏனுங்க, நாந் தொண்டை கிழியக் கத்தறேன். நீங்க அந்தப் பக்கந் திரும்பி ஆருக்குச் சரி சரின்னு சொல்லிட்டிருந்தீங்க?"

"உனக்குத்தான்" என்றேன்.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தக் குரல் என்ன சொன்னது என்று அதற்குப் பிறகு இன்றுவரை கேட்டதில்லை.

அந்த வேலையோடு சரி. பரமத்தி வேலூருக்கு வந்து வெற்றிலைக் கொடிக்கால் வேலையில் சேர்ந்தேன், நீங்கள் பிறந்தீர்கள். இரைச்சல் மட்டும் போகவில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. இருப்பதுதான் நல்லது என்று ஆகிவிட்டது, அது இருக்கிறவரை எனக்குப் பயமில்லை. உங்கள் அம்மா என்னைக் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை, சின்னக் கல்லை எடுத்து முதுகில் எறிகிறாள் என்று தெருவே சிரிக்கிறது, நீங்களும் சிரிக்கிறீர்கள். அது நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது. குரலை யாராலும் கொண்டுவர முடியும், கல்லை எறிய அவளால்தான் முடியும் என்று நினைத்திருந்தோம்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லாரும் அம்மாவோடு, யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில், நாமக்கல் போயிருந்தீர்கள். மத்தியானம் நான் கூடத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். இரைச்சல் சட்டென்று நின்றது. முதுகில் ஒரு கல் விழுந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே எழுந்து தெருவுக்குப் போய், நீங்கள் வருகிறவரை வெயிலில் நின்றேன். அப்பாவுக்குப் பைத்தியமா என்று சின்னவன் கேட்டான். அந்தக் கல்லை உறியில் இருக்கிற சட்டியில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். யாரும் எடுக்கவேண்டாம். இன்னும் அதில் வேட்டு மருந்து வாடை அடிக்கிறது.