சும்மா இருக்கத் தெரியாத முதுகு

பால் கறந்து முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். எழ முடியவில்லை. குந்தியபடியே இடுப்பு பூட்டிக்கொண்டது. முழங்கால்களுக்கு நடுவே பால் நிறைந்த குண்டான். அதைக் கீழே வைக்கவும் வழியில்லை. எங்கள் சிந்து மாடு திரும்பி என்னைப் பார்த்தது. என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தபோது, நான் மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு முன்பே கழுத்து சொல்லிப் பார்த்தது. தினமும் தலையில் புல்லுக்கட்டு சுமப்பேன். பின்கழுத்தில் ஆரம்பிக்கும் வலி தோளில் இறங்கி விரல்களை மரத்துப்போக வைக்கும். கையை உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். எனக்குச் சும்மா இருக்க வராது.

நான் கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் தெருவில் பாதிப் பேர் என் காலடியில் குப்புறப் படுத்து எழுந்தவர்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தபோது மிதிக்க ஆளில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஊரு முதுகையெல்லாம் மிதிச்ச காலு. உன் முதுக யாருடி மிதிக்கிறது?"

கடத்தூர்ப் பக்கம் அப்படிப் பிறந்த ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நல்ல மனிதர், நல்ல உடம்பும்கூட. மெதுவாகத்தான் மிதித்தார். ஆனால் கடைசி மிதியில் இடுப்பிலிருந்து குதிகால் வரை ஷாக் அடித்த மாதிரி ஒரு வலி ஓடியது. பஸ்ஸில் திரும்பும்போது இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே தர்மபுரியில் மருத்துவமனைக்குப் போனோம். எம்.ஆர்.ஐ. (காந்த சக்தியால் உடம்புக்குள் படம் எடுப்பது) எடுத்தார்கள். இடுப்பில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, கழுத்தில் ஸ்பாண்டிலோசிஸ் (கழுத்தெலும்புத் தேய்மானம்) என்றார்கள்.

டாக்டரம்மா என் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "யாராவது மிதிச்சாங்களா?"

"ஆமாங்க."

"இந்த மிதிக்கிறவங்கள ஒரு நாள் நான் நேர்ல பாக்கணும்."

"நானும் மிதிக்கிறவதாங்க" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ஆபரேஷன் இப்போது தேவையில்லை, மருந்தும் பயிற்சியும் போதும். சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, கால் பலமிழந்தாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

"ரெண்டு மூணு நாள் படுத்தா போதும், அப்புறம் நடங்க" என்றுதான் அவர் சொன்னார். வீட்டில் அதை யாரும் காதில் வாங்கவில்லை. முதுகு வலிக்காரி படுத்துத்தானே கிடக்க வேண்டும்? கழுத்தில் காலர், இடுப்பில் பெல்ட், கட்டிலில் நான். கூரை ஷீட்டில் இருக்கும் கறையெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. ரசத்தில் உப்புக் குறைந்தால் கத்தினேன், கூடினாலும் கத்தினேன். உடம்பு கிடந்தது. மனசு தொழுவத்துக்கும் வயலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

கட்டட வேலைக்குப் போகிற என் வீட்டுக்காரர்தான் பால் கறக்க உட்கார்ந்தார். கறக்கிற கை மாறியது தெரிந்ததும் மாடு சுரப்பை அடக்கிக்கொண்டது. கடைசியில் என் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டுக்கொண்டு போனார். மாடு மோந்து பார்த்துவிட்டுப் பாலை விட்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்ததில் இடுப்பு இழுத்தது, அழுதேன். சில வாரங்களில் புடவை இல்லாமலே அவர் கை அதற்குப் பழகிவிட்டது.

ஆனால் பால் குறைந்தது, அவருக்கு வேலைக்குப் போக நேரமானது. "மாதம்மா, ரெண்டையும் என்னால பாக்க முடியல. மாட்ட வித்துடலாம்."

அந்த மாடு என் கைச் சம்பாத்தியம். அது போய்விட்டால் இந்த வீட்டில் நான் வெறும் நோயாளி. "ஆடி வரைக்கும் பொறுங்க" என்றேன். "ஆடி பொறக்கறதுக்குள்ள நீயா கறக்கணும். இல்லன்னா காரிமங்கலம் சந்தைக்கு ஓட்டிருவேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலரைக் கழற்றி வைத்தேன். வலி குறைவாக இருந்த ஒரு நாள், விட்டதையெல்லாம் பிடிக்கிறவள்போல் சாணி அள்ளி, தொழுவம் கழுவி, சோளத்தட்டு வெட்டிப் போட்டேன். மறுநாளிலிருந்து கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. சற்றுத் தேறியதும் மறுபடி அதையே செய்தேன், மறுபடி விழுந்தேன்.

பிசியோதெரபி (பயிற்சிகளால் உடம்பைப் பழக்கும் வைத்தியம்) சொல்லித்தரும் பெண் என்னைவிட வயதில் சிறியவள். அவளிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். "நல்லா இருக்கற அன்னைக்கு ஓடறீங்க, மறுநா விழறீங்க. நல்ல நாளானாலும் கெட்ட நாளானாலும் ஒரே அளவு செய்யுங்கக்கா. இன்னும் செய்யலாம்னு தோணும்போதே நிறுத்துங்க."

வலியைப் பொறுத்துக்கொள்வது எனக்குச் சுலபம். நிறுத்துவதுதான் முடியவில்லை. தினமும் போர்வெல் மேடு வரை மட்டும் நடந்து, திரும்பி வர வேண்டும் என்பது அவள் வைத்த அளவு. அந்தப் பக்கம் களை மண்டிய என் வயல் தெரியும். கை துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. பாதத்தில் உணர்ச்சி திரும்பியது. ஒரு நாள் செருப்பில் சிக்கிய கல் குத்தியது. நின்று, அந்தக் குத்தலை ஆசை தீர அனுபவித்தேன்.

ஆனி முடியும் சமயம் தொழுவத்துக்குப் போனேன். இனிமேல் குந்தி உட்காரக் கூடாது என்பதால் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டேன். காம்பை நீவினேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. மாடு தலையைத் திருப்பி என் வீட்டுக்காரரைத் தேடியது.

"உனக்காகத்தானேடி இத்தனை பாடு பட்டேன்" என்று வாய்விட்டுத் திட்டினேன்.

பின்னால் நின்றவர், "நவுரு, நான் கறக்கறேன். பால் சொசைட்டி வண்டி போயிரும்" என்றார்.

"போனா போவட்டுங்க."

கால் இழுத்தது. எழுந்து இடுப்பை நிமிர்த்தி, மாட்டைச் சுற்றி நடந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். பழைய மாதம்மாவாயிருந்தால் காம்பைப் பிடித்து இழுத்திருப்பேன், இல்லை மாட்டை ஒரு அடி வைத்திருப்பேன். இப்போது மடியில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். செய்யாத வேலைகள் எல்லாம் தலைக்குள் கூச்சல் போட்டன. மாடு மூச்சு விட்டது, நானும் விட்டேன். தெருவில் சொசைட்டி வண்டி வந்து, நின்று, போனது. கை நகரவில்லை.

அப்புறம் உள்ளங்கைக்கு அடியில் மடி இளகி, காம்பு நிறைந்தது.

மாடு சந்தைக்குப் போகவில்லை. வண்டி போய்விட்டதால் அன்றைய பாலைக் காய்ச்சி நாங்களே குடித்தோம். அவர் உட்கார்ந்துகொண்டு, அத்தனை நேரம் உட்கார்ந்திருந்த நான் இடுப்பை நிமிர்த்தி நின்றுகொண்டு.