நான்காவது கார்டு

போன வாரம் என் அண்ணன் மகள் காட்டூர் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடும்போதும் ஒரு கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் ரசத்தில் உப்பு சரியா என்றுகூடப் போனில் பார்த்துத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “அத்தை, நீங்க வேலை பார்த்தீங்களே, அந்த ஆபீஸ்ல போட்ட சாமி புத்தகம், அதைத் திரும்பப் போட்டிருக்காங்க. படிச்சவங்க என்னென்ன எழுதியிருக்காங்க கேளுங்க” என்று வாசிக்க ஆரம்பித்தாள்.

ஒருவர் அழுதுகொண்டே படித்தாராம், ஐந்து நட்சத்திரம். ஒருவர் தூக்கம் வராதவர்களுக்கு நல்ல புத்தகம் என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை, பார்சல் நனைந்து வந்தது என்பதற்காகக் கடவுளுக்கு இரண்டு நட்சத்திரம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் அவள் வாசித்தாள்: “ஒன்பதாம் அத்தியாயம் என் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.”

“அதுல மருந்தைப் பத்தி ஒரு வரி வரும். இருக்கா பாரு” என்றேன்.

“அதைத்தான் அத்தை நிறைய பேர் எடுத்துப் போட்டிருக்காங்க.”

அன்று மத்தியானம் முழுக்க எனக்கு மயில்துத்தப் பசை வாசனை வந்துகொண்டே இருந்தது. வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. மயில்துத்தம் என்பது மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுகிற நீலக் கட்டி. எங்கள் ஆபீசில் கீழே அச்சகம், அதை ஒட்டி பைண்டிங், மாடியில் நான். பசை கொதித்தால் வாடை முதலில் என்னிடம்தான் வரும். அறுபதுகள் பிறக்கிற சமயம். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு குறுகின சந்து. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிவிட்டு, உலகமே என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காட்டூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போவேன். உலகத்துக்கு வேண்டியிருந்தது கார்டில் விலாசம் எழுத ஒரு ஆள், அவ்வளவுதான்.

புத்தகத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எழுதியவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஆபீசில் எல்லோருக்கும் அவர் ஸ்வாமி. ரிட்டையரான பின் கடவுளைப் பற்றி எளிய தமிழில் எழுதினார். இருநூறு பிரதி போனால் பெரிது என்று முதலாளி அரைமனதாகப் போட்ட புத்தகம், வருஷத்துக்குள் நாலு பதிப்பு ஓடியது. அதோடு கடிதங்களும் வந்தன. நாளுக்கு ஐம்பது, அறுபது. ஸ்வாமிக்குப் பார்வை மங்கல், கை நடுக்கம். அவர் பெயரில் பதில் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

எத்தனை விதமான மனிதர்கள், ஒரே புத்தகத்துக்கு! உத்தர வீதியிலிருந்து ஒருவர், சரணாகதி பற்றி எழுதின பக்கத்தில் ஆறு தவறுகள் என்று பதினோரு பக்கம் எழுதி, கடைசியில் “புத்தகம் மிக நன்று” என்று முடித்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்தவர், கடவுள் எதிரில் வந்தால் முதலில் முசிறி பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று கேட்பேன் என்று எழுதினார். ஒரு பெண், தன் மாமியார் இதைப் படித்த நாளிலிருந்து சண்டை போடுவதில்லை, ஓர்ப்படிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். ஒருவர் புத்தகத்தையே திருப்பி அனுப்பிவிட்டார். பிரித்துப் பார்த்தேன். ஒன்பதாம் அத்தியாயம் மட்டும் கிழித்து எடுக்கப்பட்டிருந்தது. வைத்துக்கொள்ளக் கிழித்தாரா, எரிக்கக் கிழித்தாரா என்று தெரியவில்லை. அன்றைக்கு அதை வேடிக்கையாகக் கீழே எல்லோரிடமும் காட்டினேன்.

பதில் போட முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். மூன்று விதமான கார்டுகள் அச்சடித்து வைத்தார். பாராட்டி எழுதினவர்களுக்கு: “தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். கொண்ட உறுதியில் தளராது நிற்க. இறைவன் துணை.” சந்தேகம் கேட்டவர்களுக்கு: “தங்கள் ஐயத்துக்கு விடை நூலிலேயே உள்ளது. மீண்டும் ஒருமுறை படிக்க.” திட்டி எழுதினவர்களுக்கு: “தங்கள் கருத்துக்கு நன்றி.” மூன்றிலும் ஸ்வாமியின் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பில் விழும். அது அவர் வாலிபத்தில் போட்ட கையெழுத்து, கொடி மாதிரி வளைந்து ஓடும்.

“முழுசாப் படிச்சா விடியாதும்மா. முதல் ரெண்டு வரி, கடைசி ரெண்டு வரி பாரு. ஆள் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடும்” என்றார் முதலாளி. நான் அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். சந்தைக்காரி தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி கடிதத்தைப் பிரித்த நொடியில் சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆடி மாதம் ஒரு நாள், ஊதா நிறத்தில் எழுதுமே காப்பியிங் பென்சில், அதில் எழுதின கடிதம் ஒன்று வந்தது. தொட்டியம், வாழை விவசாயி, பெயர் வேலாயுதம். தாளின் ஓரத்தில் வாழைக்கறை. நாலே வரி. “கார்டு கிடைத்தது. உறுதியில் நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஊசியை நிறுத்திவிட்டோம். இன்றோடு பன்னிரண்டு நாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது.”

நாலே வரியாக இருந்ததால் முழுதும் படித்துவிட்டேன். என்ன ஊசி? யாருக்கு? சணல் கட்டிப் போட்டிருந்த பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடினேன். அதே ஊதாப் பென்சில், அதே கறை. முதல் வரி: “தங்கள் நூல் கண்டு பேரானந்தம் அடைந்தேன்.” கடைசி வரி: “தங்கள் அடி பணியும் வேலாயுதம்.” நடுவில் இருந்ததை அப்போதுதான் படித்தேன். மனைவி அஞ்சலைக்கு டி.பி. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தபடி உள்ளூர் கம்பவுண்டர் நாலு மாதமாக ஊசி போடுகிறார், தேறி வருகிறாள், இன்னும் பல மாதம் போட வேண்டுமாம். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் ‘மருந்தைப் பற்றிய கை மாதவனைப் பற்றாது’ என்று படித்த நாள் முதல் மனம் ஒரு நிலையில் இல்லை. “ஊசியை நிறுத்திவிட்டு அவனையே முழுக்கப் பற்றலாமா? தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.”

அந்த ஒரு வரியை நான்தான் அனுப்பியிருந்தேன். கொண்ட உறுதியில் தளராது நிற்க.

கீழே பசை கொதித்துக்கொண்டிருந்தது. முதலாளியிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாம என்ன வைத்தியராம்மா? ஸ்வாமிகிட்ட காட்டு. அவர் எழுதினது” என்றார்.

ஸ்ரீரங்கத்துக்கு பஸ் பாலத்தைத் தாண்டும்போது காவிரி கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாம் பெருக்குக் கூட்டம் பூவும் காதோலையும் விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் செம்மண் நிறம், சத்தமே இல்லாமல் வேகம். எனக்கு எப்போதும் காவிரியைக் கண்டால் சந்தோஷம் வரும். அன்றைக்குப் பயமாக இருந்தது.

ஸ்வாமி கோடு போட்ட கண்ணாடிக் குப்பியிலிருந்து ஏதோ மருந்தை அளந்து குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலகையில் இன்னும் ஏழெட்டுக் குப்பிகள். “வாங்கோ, உட்காருங்கோ” என்றார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் குப்பியைக் கீழே வைத்தார்.

“அது உபமானம்தானே? லோகப் பற்றைச் சொன்னேன். மருந்தை நிறுத்தச் சொல்லுவேனா? பெருமாளே! இந்தக் கார்டை யார் போட்டா?”

“ஆபீஸ்ல போட்டோம்” என்றேன். அவர் பேனாவை எடுத்து, நடுங்கும் கையால் எழுதினார்: “மருந்தும் எம்பெருமான் கொடுத்ததே. இன்றே ஊசியைத் தொடரவும்.” கீழே கையெழுத்து, மழையில் நனைந்த கோலம் மாதிரி.

தபாலை நம்பாமல் மறுநாள் காலை நானே கிளம்பினேன். ஜவுளிக்கடைக்காரர் திட்டின அதே முசிறி பஸ். டோல்கேட், குணசீலம், முசிறி என்று இடதுகைப் பக்கம் காவிரி கூடவே வந்தது. தொட்டியத்தில் இறங்கி, வாழைத்தோப்பு நடுவே வீடு. அஞ்சலைக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். எலும்பும் தோலுமாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். அப்படியில்லை, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. நாலு மாத ஊசி கொடுத்த கன்னம். பேசும்போது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயா ஆபீஸ்ல இருந்தா வர்றீங்க? ஐயாவைப் பாத்திருக்கீங்களா? எப்படி இருப்பாரு?”

சுவரில் முருகன் படத்துக்குக் கீழே என் கார்டு, சட்டம் போட்டு, குங்குமம் வைத்து, செம்பருத்தி சொருகி.

வேலாயுதம் நல்ல மனிதர். சத்தமாகக்கூடப் பேசவில்லை. நான் கொடுத்த கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கார்டைக் கழற்றி வந்து பக்கத்தில் வைத்தார்.

“கையெழுத்து ரெண்டும் ஒண்ணா இல்லீங்களே.”

“அவருக்கு இப்ப கை நடுங்குதுங்க. இது அவரே எழுதினது.”

“கையால யாரு வேணாலும் எழுதலாங்க. கம்பவுண்டரு எங்க மேல கோவமா இருக்காரு, அவரு சொல்லிக்கூட யாராச்சும் எழுதியிருக்கலாம். இது அச்சுங்க. யோசிக்காம அச்சுல ஏத்துவாங்களா?”

என் நாக்கு நுனியில் இருந்தது. அந்தக் கார்டு உங்களுக்காக அச்சடித்தது இல்லை, அதேபோல ஆயிரம் கிடக்கிறது, உங்கள் கடிதத்தைப் படிக்காமல் அதை எடுத்துப் போட்டவள் நான். இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. வெட்கமா, பயமா, வேலை போய்விடும் என்பதா, எல்லாமும்தான்.

அவர் இளநீர் வெட்டப் போனபோது அஞ்சலை மெதுவாகச் சொன்னாள். “ஊசி போட்டப்ப நல்லாத்தாங்க இருந்துச்சு. ஆனா அவரு இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாரு. அதைக் கெடுக்க மனசு வரல.” சொல்லிவிட்டு இருமினாள். முந்தானையை அவசரமாக மடித்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி இளநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

அவருக்கு அச்சுத்தானே வேண்டும்? மறுநாள் ஆபீசில், கீழே அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் துரைக்கண்ணுவிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் அவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் எழுத்துப் பெட்டியை இழுத்து, நின்றவாக்கில் எழுத்துக்களைப் பொறுக்கிக் கோத்தார். “மருந்தை நிறுத்த வேண்டாம். உடனே தொடர்க. இறைவன் துணை.” உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி அச்சான கார்டு அதுவாகத்தான் இருக்கும். ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினேன். திரும்பத் தொட்டியம் போகத் தைரியமில்லை. தபாலில் போட்டேன்.

பத்து நாளில் ஊதாப் பென்சில் வந்தது. “தங்கள் உத்தரவுப்படி ஊசி மீண்டும் தொடங்கியாயிற்று.” அன்று சாயங்காலம் மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் விட்டேன். காணாததைக் கண்ட மாதிரி துரைக்கண்ணுவுக்கு அல்வா வாங்கிக் கொடுத்தேன். அவர் மட்டும், “விட்ட ஊசி திரும்பப் பிடிக்குமாம்மா?” என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அதற்கப்புறம் தினமும் தபால் கட்டைப் பிரிக்கும்போது ஊதா நிறம் இருக்கிறதா என்று பார்க்காமல் என்னால் ஒரு கடிதத்தையும் தொட முடியவில்லை. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, ஒன்றுமில்லை.

மார்கழியில் வந்தது. இந்த முறை கறை இல்லை. சுத்தமான தாள்.

“அஞ்சலை சென்ற வெள்ளிக்கிழமை தவறிவிட்டாள். நடுவில் நிறுத்தியதால் ஊசி வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொன்னார். தங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தங்கள் இரண்டு கார்டையும் தினமும் எடுத்துப் படித்துப் பார்க்கிறேன். இரண்டும் அச்சு. இரண்டிலும் தங்கள் கையெழுத்து. அப்படியானால் நான்தான் எதையோ தப்பாகப் படித்திருக்கிறேன். எதை என்று மட்டும் தெரியப்படுத்தவும்.”

அதற்குப் போட என்னிடம் கார்டு இல்லை. பொங்கலுக்குப் பிறகு வேலையை விட்டேன். வீட்டில் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். அடுத்த பதிப்பில் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி ஸ்வாமி எழுதியனுப்பினார் என்று துரைக்கண்ணு பின்னால் சொன்னார். கையால் எழுதின கடிதம். முதலாளி அதை எங்கே வைத்தாரோ.

“நீங்களும் ஒண்ணு எழுதுங்க அத்தை. எத்தனை ஸ்டார் போடட்டும்?” என்று கேட்டாள் அண்ணன் மகள். ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து உள்ளே போனேன்.

அச்சகம் இருந்த சந்தில் இப்போது செல்போன் கடைகள். ஸ்வாமி, முதலாளி, துரைக்கண்ணு யாரும் இல்லை. மூன்று விதக் கார்டில் ஒன்றுகூட எங்கும் மிச்சமில்லை. அந்தக் கடைசிக் கடிதத்தை மட்டும் நான் வேலையை விட்ட அன்று எடுத்து வந்துவிட்டேன். டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஒரு மழைக்கு ஓடு ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, ஊதா எழுத்தெல்லாம் கலங்கிப் பரவிவிட்டது. கேள்வி இருக்கிற வரி மட்டும் எப்படியோ தப்பியது. நீங்கள் ஒன்றையும் தப்பாகப் படிக்கவில்லை, நான்தான் படிக்கவே இல்லை என்று இந்த வயதில் எழுதிவிடலாம் என்று தோன்றி நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். அவர் இருக்கிறாரோ என்னவோ, ஊர் மட்டும்தான் நினைவிருக்கிறது. விலாசம் எழுதியிருந்த இடத்தில் ஊதாக் கறைதான் இருக்கிறது.