பங்காளிகள் குரூப்பில் ஒரு பொய் பேனர்

எங்கள் ஊர்ப்பக்கம் காதுகுத்துக்குக்கூடத் தெருவை மறைத்து பேனர் வைப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், வகுப்புத் தோழி ஒருத்தியையும் பக்கத்து வகுப்புப் பையனையும் சேர்த்துக் கைபேசியிலேயே ஒரு கல்யாண பேனர் செய்து சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். ஓரத்தில் வாழ்த்துவோர் படங்கள் உட்பட எல்லாம் பக்காவாக இருந்ததாம். உசிலம்பட்டிப் பள்ளியில் நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்தப் பெண் என் வகுப்பு. ஆனாலும் படத்தை நான் பார்க்கவில்லை. தேவையில்லாதவர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் பள்ளி விதி.

விதிகளை எழுதியவர் தலைமையாசிரியை. கேலிப் படத்தைச் செய்தவருக்கும் அதை அனுப்பியவருக்கும் ஒரே பொறுப்பு. யாருக்கெல்லாம் அனுப்பினார்களோ அவர்களிடமே அது பொய்யென்று சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு வகுப்புகூட வீணாகக் கூடாது. இதெல்லாம் சுவரில் ஒட்டத்தான் உதவும் என்று ஆசிரியர் அறையில் நாங்கள் கிண்டலடித்தோம்.

செய்தவர்கள் சீக்கிரமே அகப்பட்டார்கள். அதற்குள் பெண்ணின் சித்தப்பா ஆத்திரத்தில் அதே படத்தைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, ‘இது யார் பார்த்த வேலை?’ என்று கேட்டுவிட்டார். வகுப்போடு நின்றிருக்க வேண்டியது பங்காளிகள் இருக்கும் எழுமலை வரை போய்ச் சேர்ந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கு வந்து நின்றார்கள்.

“டிசியைக் குடுங்க டீச்சர். படிச்சது போதும்,” என்றார் அப்பா. கணக்கை ஆசையாகப் போடும் பிள்ளை அவள்.

தலைமையாசிரியை டிசி பற்றிப் பேசவே இல்லை. சித்தப்பாவிடம் திரும்பினார். “புகாருக்கு வேண்டியதை எடுத்து வச்சாச்சு. உங்க குரூப்புல இருக்கிறதை நீங்களே அழிச்சிருங்க. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, அது பொய்யின்னு சொல்லுங்க.”

“செஞ்சவனை விட்டுட்டு என்னையக் கேக்குறீக?”

“செஞ்சவங்களும் பெத்தவங்களோட உக்காந்து அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்காங்க. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அம்புட்டுப் பேருக்குமா?”

“அம்புட்டுப் பேருக்கும்.”

குரலை உயர்த்தாமல் சொன்னார். நானாக இருந்தால் சித்தப்பாவின் மீசையைப் பார்த்தே பாதி விதியை விட்டுக்கொடுத்திருப்பேன். அன்றைக்கு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

மனிதர் முணுமுணுத்துக்கொண்டே வேப்பமரத்தடிக்குப் போனார். நான் வகுப்புக்குத் திரும்பினேன். சன்னல் வழியே அவர் பேச்சு தெளிவாகக் கேட்டது. “அண்ணே, அது பொய்ண்ணே. புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. குரூப்புல போட்டது என் தப்புத்தேன்.” அடுத்து ஒரு பெரியப்பா. அதற்கடுத்து இன்னொரு பங்காளி. ஆள் மாற மாற அவர் குரலில் இருந்த விறைப்பு இறங்கிக்கொண்டே வந்தது. வகுப்பில் குனிந்தே இருந்த அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

மணி அடித்ததும் அவள் அப்பா வகுப்பு வாசலுக்கு வந்தார். டிசியோடுதான் வருகிறார் என்று நினைத்தேன்.

“சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் எப்ப முடியும் டீச்சர்?” என்றார். “புள்ளையக் கூட்டிட்டுப் போக வாரேன்.”