இடது பக்கம் மலை

என் வீட்டுக்காரர் கப்பலில் இரண்டாவது அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலுக்கு வழி போடுவது அந்த அதிகாரியின் வேலை. இந்தத் துறைமுகத்தில் கயிறு அவிழ்ப்பது முதல் அந்தத் துறைமுகத்தில் கயிறு கட்டுவது வரை, எங்கே திரும்ப வேண்டும், எங்கே ஆழம் போதாது என்று கடல் வரைபடத்தில் பென்சிலால் கோடு இழுத்து வைக்க வேண்டும். வீட்டோடு வந்து ஐந்து வருஷம் ஆகிறது, பென்சில் இன்னும் கையை விடவில்லை. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் திரும்புவதற்கும் வழி போடுகிற மனுஷன். சில நாள் சிரிப்பு வரும், பல நாள் எரிச்சல்தான் வரும்.

வேலை பார்த்த காலத்தில் அவர் பலமுறை தள்ளி நின்று பார்த்த தீவு ஒன்று உண்டு. அட்லாண்டிக் கடலில் போர்த்துகீசியருக்குச் சொந்தமான மதேரா. அவர் போன கப்பல் எதுவும் அங்கே ஒதுங்கியதில்லை. "பச்சையா ஒரு மல, மேல மேகம், அவ்வளவுதான் தெரியும்" என்பார். நான் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொண்டதில்லை. போன வருஷம் ஒரு மத்தியானம் அந்தத் தீவைப் பற்றி ஒரு வீடியோ என் போனில் வந்தது. மலையின் இடுப்பில் கல்லால் கட்டிய வாய்க்கால். மழை பெய்கிற பக்கத்திலிருந்து காய்ந்து கிடக்கிற பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக அந்தக் காலத்தில் வெட்டியதாம். லெவாடா என்று பெயர். வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிற ஆள் நடப்பதற்கு ஓரத்தில் விட்ட பாதையில் இன்றைக்கு ஊர் உலகமெல்லாம் நடக்கிறது. நடந்து போனால் அருவி.

நான் கடற்கரை ஊரான ஆலந்தலையில் பிறந்தவள். கண் திறந்தால் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, நல்ல தண்ணீர் காலுக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காகக் கூட வரும் என்பது நம்பும்படியாகவே இல்லை. நாலு தடவை பார்த்தேன். தண்ணீர் ஏன் இவ்வளவு நிதானமாகப் போகிறது, உள்ளே மீன் உண்டா, விழுகிற இலையையெல்லாம் யார் அள்ளுகிறார்கள், பாறையைக் குடைந்தவன் உள்ளே எதைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று எனக்குக் கேள்விமேல் கேள்வியாக வந்தது. "ஏங்க, இங்கன ஒருக்கா போவோமா?" என்று கேட்டேன். அவர் பென்சிலைத் தேடினார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது கண் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் விழித்திரை கிழிந்து, இரண்டு ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவர் என் இடது பக்கத்தில்தான் நடக்கிறார். கோயில், மார்க்கெட், கடற்கரை, எங்கே போனாலும் அப்படித்தான். படி வந்தால் "படி" என்பார், மாடு வந்தால் "மாடு" என்பார். முதல் ஆறு மாதம் நன்றியாக இருந்தது. பிறகு ஆத்திரம் வர ஆரம்பித்தது. "எனக்கு ஒரு கண்ணு தெரியாதுன்னு மைக் வச்சு ஊருக்கெல்லாம் சொல்லுதியளா?" என்று ஒருநாள் நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. "குழி" என்றார். குழி இருந்தது.

அந்தத் தீவின் பாதையோ இரண்டடி அகலம்தான். ஒரு பக்கம் வாய்க்காலும் மலைச்சுவரும், மறுபக்கம் பள்ளம். சில இடங்களில் கம்பி கட்டியிருக்கிறார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். என் இடது பக்கத்தில் அவர் நிற்க இடமே கிடையாது. எனக்கு ஆசை கூடியதும் அதனால்தான். அவருடைய பயமும் அதனால்தான்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பள்ளம் ஒனக்கு எடப்பக்கம் வரக் கூடாது. வருமுன்னா பயணமே கெடையாது."

"அதுக்கென்ன, எடப்பக்கம் மல இருக்க மாதிரி நடந்தா ஆச்சு" என்றேன்.

"திரும்பி வாரப்போ?"

அதை நான் யோசிக்கவே இல்லை. நாம் திரும்பினால் மலை நம்மோடு திரும்பாது. போகும்போது இடது பக்கம் இருக்கிற மலை வரும்போது வலது பக்கம் ஆகிவிடும். ஆகவே போன வழியில் திரும்பாத பாதையாக வேண்டும். ஒரு ஊரில் ஏறி, நடுவில் அருவியைப் பார்த்து, வேறு ஊரில் இறங்கி, பஸ் பிடித்து வர வேண்டும். இரண்டு வாரம் தேடி அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் எந்த முனையில் தொடங்கினால் எனக்கு இடது பக்கம் மலை வரும் என்பதையும் அவரே கணக்குப் பண்ணினார். நான் தபால் ஆபீசில் முப்பது வருஷம் இருந்தவள், முகவரி முழுசாக இல்லாத எதையும் நம்ப மாட்டேன். ஆனால் அவர் போட்ட வழியை நான் சரிபார்க்கவில்லை. கடலில் ஒரு தடவைகூடத் தப்பு விட்டதில்லை என்று அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்.

தங்குவதற்கு ஒரு வீட்டுக்காரம்மாவுக்கு இங்கிலீஷில் மெயில் போட்டேன். போர்த்துகீசியர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு எங்கள் கடற்கரைக்கு வந்த குடும்பப் பெயரைப் பார்த்து எங்களையும் போர்த்துகீசியர் என்று நினைத்துவிட்டாள் போல, அந்த மொழியிலேயே நீளமாகப் பதில் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். நாம் பேசுகிற மாதிரியே ஜன்னல் தெரிந்தது, துவாலை தெரிந்தது, சாவி தெரிந்தது. கடலைப் பார்த்த ஜன்னல் இருக்கிறது, துவாலை தருவோம், சாவி இன்ன இடத்தில் இருக்கும் என்கிறாள். கொஞ்ச நேரம் அந்த மெயிலையும் எங்கள் வீட்டு ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த வார்த்தையெல்லாம் அங்கிருந்து வந்தது என்று ஒரு வாரம் வீட்டுச் சாமான்களைச் சந்தேகப்பட்டேன்.

அந்த ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்த வரைபடம், அதன்மேல் அளவுகோல், அதன்மேல் அவர். எங்கள் வாசல்படியில் தொடங்கி அந்த வீட்டு வாசல்படி வரை கோடு. இன்ன இடத்தில் மழை வந்தால் திரும்பிவிட வேண்டும், இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்பக் கூடாது என்று குறிப்பு. கொண்டுபோகிற சாமான் பட்டியலில் எங்கள் பக்கத்து இனிப்பான மக்ரூன் என்று எழுதி, உடைந்துவிடும் என்று அடித்திருந்தார். வாய்க்கால் மலையைக் குடைந்து போகிற குகைக்கு டார்ச் இரண்டு. குகையைப் பற்றி மட்டும் எனக்குக் கவலை இல்லை. அந்த இருட்டில் இரண்டு கண் இருக்கிறவனும் எனக்குச் சமம்தான்.

நடந்து பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்ரீவைகுண்டம் போனோம். தாமிரபரணி அணையிலிருந்து பிரிகிற வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் செம்மண் மேடு, மறுபக்கம் வாழைத் தோட்டம். மூன்றாவது ஞாயிறு மடைக்குப் பக்கத்தில் ஒருவர் மண்வெட்டியால் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்காலைப் பராமரிக்கிற அரசாங்க ஊழியர், லஸ்கர் என்று சொல்வார்கள். என் வீட்டுக்காரர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சர்வேயா சார்?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, நடந்து பழகுதோம். வெளிநாட்டுல ஒரு வாய்க்கா இருக்கு, அங்கன நடக்கப் போறோம்" என்றார் இவர்.

"வாய்க்கா பாக்கவா வெளிநாடு போறிய?"

"அருவியும் உண்டு" என்றேன் நான்.

"குத்தாலம் அந்தா கெடக்கு. வாய்க்கா இந்தா ஓடுது. ரெண்டையும் விட்டுட்டு ப்ளேன் ஏறுதியளாக்கும்" என்று சிரித்தார். அவர் சிரித்தது நியாயம்தான், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஆள் கிடைத்தபோது விடக் கூடாது என்று என் கேள்விகளையெல்லாம் எடுத்துப் போட்டேன். தண்ணீர் ஏன் மெதுவாகப் போகிறது என்றேன். வாட்டம், அதாவது சரிவு, கூடினால் கரையை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் தங்கிவிடும் என்றார். நேராக வெட்டாமல் இப்படி வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்களே, ஏன் என்றேன்.

"மேட்ட ஒட்டியேதான போவணும் யக்கா. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் வயலு. வயலு எப்பவும் தாழதான் கெடக்கும். தண்ணி ஏறாதுல்லா."

எனக்குச் சுருக்கென்றது. இவர் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி விரித்தேன். நாங்கள் தொடங்குகிற ஊரிலிருந்து விரலை வைத்து நடந்தேன். இடது பக்கம் 'மலை' என்று பென்சிலில் எழுதியிருந்தார். அந்தப் பக்கம்தான் சின்னச் சின்னக் கட்டமாக வயல்கள் இருந்தன, வீடுகள் இருந்தன.

"ஏங்க, இது வயல்தான?"

"ஆமா."

"வயலு மலப்பக்கம் இருந்தா தண்ணி எப்படி ஏறும்?"

கண்ணாடியை எடுத்து மாட்டினார். இடது பக்கம் கோடுகளில் முந்நூறு, இருநூறு என்று எண்கள் இறங்கின. வலது பக்கம் ஐந்நூறு, அறுநூறு என்று ஏறின. "நம்பர் கூடக் கூட" என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். கடல் வரைபடத்தில் எண் கூடினால் ஆழம். முப்பத்தைந்து வருஷம் அவர் விரல் அப்படித்தான் படித்திருக்கிறது. நில வரைபடத்தில் எண் கூடினால் உயரம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்தத் தாளில் எங்காவது ஒரு மூலையில் கடல் தெரிந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார். மலையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தோம்.

மடைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். லஸ்கர் அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "கண்ணு தெரியாத பக்கம் பள்ளத்த வச்சு ஒன்ன நடக்க விட்டிருப்பேன், ஏளா" என்றார் என் வீட்டுக்காரர். மறு முனையில் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. பஸ்ஸில் வரும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார். "போவாண்டாம்."

வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தைச் சுருட்டி அலமாரி மேலே வைத்துவிட்டார். மூன்று நாள் எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்றார். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. தப்பு விட்டது அவர், பயணம் போனது எனக்கா? பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டைப் போடும்போது அவர் முகத்தைப் பார்த்தால் கோபம் நிற்கவில்லை. அவர் பயந்து நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரு தடவைதான், என் கண் கட்டைப் பிரித்த அன்று.

நாலாம் நாள் காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். "தெரியாத துறைமுகத்துக்குள்ள கப்பல் போறப்போ என்ன செய்விய?"

"பைலட் ஏறுவாரு."

"அவரு யாரு?"

"அந்தந்த ஊர்த் தண்ணி தெரிஞ்ச ஆளு."

"அப்போ நீங்க?"

"கூட நிப்போம். அவரு சொல்லுத மாதிரி திருப்புவோம்."

"கடலு ஒங்களுக்குத் தெரியும். மேடு பள்ளம் எனக்குத்தான் தெரியும். மூணு வருஷமா ஒவ்வொரு படியவும் காலால கேட்டுக் கேட்டுத்தான் எறங்குதேன். பென்சிலக் குடுங்க."

காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார். பென்சிலையும் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

நான் மறு முனையிலிருந்து கோடு போட்டேன். வயல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். அந்தப் பாதையில் நடந்தவர்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, மலை இடது பக்கம் வருகிறதா என்று பார்த்துக் குறித்தேன். வீட்டுக்காரம்மாவிடமும் கேட்டேன். இந்தத் தடவை இங்கிலீஷில் இரண்டே வரி எழுதினாள். ஆமாம், மலை உங்களுக்கு இடது பக்கம்தான். தண்ணீர் உங்களுக்கு எதிரே வரும்.

அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் இந்தத் தடவை நிபந்தனையை நான் வைத்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் மடையிலிருந்து பாலம் வரை நான் முன்னால் நடப்பேன், செம்மண் மேடு என் இடது பக்கம். அவர் பின்னால் வர வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. நான் விழாமல் போய்ச் சேர்ந்தால் டிக்கெட், விழுந்தால் அவர் சொன்னபடி பயணம் கிடையாது. சரி என்றார்.

அந்த ஞாயிறு நடந்தோம். என் இடது பக்கம் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஆளில்லாமல் இருந்தது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இடது கையை நீட்டி மேட்டு மண்ணைத் தொட்டுத் தொட்டுப் போனேன். உடைமுள் ஒன்று விரலில் கீறியது. வலது பக்கம் தண்ணீர் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது, அந்தத் தீவிலும் இப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். மீன்கூட இருந்தது, விரல் நீளத்தில். பாதி தூரத்துக்குப் பிறகு மண்ணைத் தொடுவதை விட்டுவிட்டேன்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரை உடைந்து ஒரு குழி இருந்தது. நின்றேன். காலால் ஓரத்தைத் தேடி, அகலத்தைப் பார்த்து, தாண்டினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

பாலத்தில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். குழிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

"குழி" என்றேன். "பாத்து வாங்க."