சுக்குக் கிடங்கில் வந்த சமத்துவம்

பிறரை வேலை வாங்குவதையே வேலையாகக் கொண்டவனுக்கு முதலாளியும் சொந்தமில்லை, தொழிலாளியும் சொந்தமில்லை. மேற்பார்வை பார்த்து அவதிப்பட்ட அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். எனக்குக் கீழே எட்டுப் பெண்கள். கல்லும் சொத்தையும் நீக்கி நல்ல சுக்கைக் கூடையில் சேர்ப்பது அவர்கள் வேலை. சாயங்காலம் கூடைகளை நிறுப்பது என் வேலை. எல்லோருக்கும் ஒரே தினக்கூலி.

முதல் தூக்கு

முதலாளியின் மருமகன் பொருளாதாரம் படித்தவர். ஒரே கூலி கொடுத்தால் யார் முனைந்து வேலை செய்வார்கள், ஆசை காட்ட வேண்டும் என்றார். வாரத்தில் அதிக எடை சேர்ப்பவருக்கு ஓர் எவர்சில்வர் தூக்கு என்று அறிவித்தோம். எடை எகிறியது, மருமகன் பூரித்துப் போனார். நான் ஒரு கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கல் அப்படியே கிடந்தது. தூக்கை ஜெயித்த சரஸு நிதானமாகச் சொன்னாள்: “எடைக்குத்தானே சம்மானம் சொன்னீங்க அண்ணா? கல்லுக்கும் எடை உண்டல்லோ.”

முறை வைத்து வெற்றி

கல் இருந்தால் பரிசு கிடையாது என்று சட்டத்தைத் திருத்தினோம். அடுத்த ஏழு வாரத்தில் மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு தூக்கு வாங்கினார்கள், உட்கார்ந்திருந்த வரிசைப்படியே. வேலை மட்டும் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. போட்டி எங்கே போயிற்று என்று கேட்டேன். சரஸுதான் பதில் சொன்னாள்: “போட்டி போட்டா ஒருத்திக்குத் தூக்கு, ஏழு பேருக்கு வயித்தெரிச்சல். இப்போ எல்லாருக்கும் ஆச்சு, பின்னே என்ன?”

கடைசி ஆள்

ஆசை பலிக்காததால் மருமகன் பயத்துக்கு மாறினார். இந்த வாரம் யார் கூடை எடை குறைகிறதோ அவளை வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்றார். எட்டுப் பேரில் ஒருத்தியான மரியத்துக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. அவள் கூலியில்தான் அவள் வீடு சாப்பிட்டது. போகப்போவது அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒவ்வொரு நாளும் எட்டுக் கூடையும் ஒரே எடை. நான் சாயா குடிக்கப் போகும் நேரம் பார்த்து மற்றவர்கள் அவள் கூடையில் அள்ளிப் போடுவதை இரண்டாம் நாளே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து நான் இரண்டு சாயா குடித்தேன்.

சனிக்கிழமை மருமகன் வந்து, யார் மட்டம் என்று கேட்டார். எல்லோரும் ஒரே அளவு என்றேன். மரியம் தலை நிமிரவில்லை. அவர் எடைச் சீட்டை மடித்து என் கையிலேயே கொடுத்தார்: “எட்டுப் பேரும் தன்னாலே ஒரே மாதிரி வேலை செய்யறாங்கன்னா, அவங்களைப் பார்த்துக்க உங்களுக்கு எதுக்குச் சம்பளம்?”

ஆக, கிடங்கில் சமத்துவம் வந்தேவிட்டது, அதற்கு இடைஞ்சலாக இருந்த ஒரே ஆள் திங்கட்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினான்.